பெயர் வெட்டாது

வேட்டைக் கத்தி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "என்ன எஃகு?" என்பதைத்தான். அலகின் அடியில் டி2, எஸ்30வி, எஸ்90வி என்று ஏதாவது பொறித்திருந்தால் மனம் நிறைந்துவிடுகிறது. அந்த நான்கு எழுத்துக்காக இரண்டு மடங்கு விலை கொடுக்கவும் ஆள் இருக்கிறது. மூட்டையில் 'பொன்னி' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்தே சோறு குழையாது என்று நம்புகிற கதைதான் இது. உலை வைக்கிற கையை யாரும் விசாரிப்பதில்லை.

அமெரிக்க மான் வேட்டைக்காரர்களின் இடுப்பில் தலைமுறைகளாகத் தொங்கும் பக் 110 மடக்குக் கத்தியைப் பாருங்கள். 1964இல் வந்தது. 1990களிலிருந்து அதன் வழக்கமான அலகு 420எச்சி என்ற எஃகு. அதில் கரி ஏறத்தாழ அரை சதவீதம்தான். எஃகுகளுக்குத் தரவரிசை போடுகிறவர்கள் இதைக் கடைசிப் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். ஆனால் வெப்பப் பதன வல்லுநர் பால் பாஸ் வகுத்துக்கொடுத்த தோய்ச்சல் முறையில் அதே எஃகு ராக்வெல் கடினத்தன்மை அளவில் 58ஐத் தொடுகிறது. இன்னொருவர் இதை 55இல் விட்டுவிட்டால் எலும்பில் பட்டதும் வாய் மடங்கும். பெயர் ஒன்று, கத்தி இரண்டு.

தோய்ச்சல் என்பது சடங்கல்ல. எஃகைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் கரி உள்ளே சிக்கி இரும்பை இறுக்கிவிடும். அப்படியே விட்டால் கண்ணாடிபோல் தெறிக்கும். மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்த வேண்டும். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிக்கும் நம்மூர்க் கொல்லர் எந்த எண்ணையும் படித்ததில்லை. தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பின் மேல் வைக்கோல் நிறம் ஓடி வருவதைப் பார்த்து அவர் நிறுத்துகிறார். துருப்பிடிக்காத எஃகில் அந்தக் கண்ணளவு போதாது. அதற்கு 1,050 டிகிரி செல்சியசுக்குப் பக்கத்தில் சூடு வேண்டும், அதைப் பிடித்து வைக்கும் உலையும் வேண்டும். அங்கே கொஞ்சம் பிசகினாலும் விலையுயர்ந்த எஃகு வெறும் தகடுதான்.

அடுத்தது விளிம்பு. 2021இல் வெளிவந்த மேக்னாகட் எஃகை வடிவமைத்த உலோகவியலாளர் லாரின் தாமஸ், கூர் நீடிப்பதில் விளிம்பின் கோணத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று விளக்கி எழுதுகிறவர். எஃகு செய்தவரே இப்படிச் சொல்ல, வாங்குகிறவர் எஃகைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டேன் என்கிறார். கோடரிபோல் தடித்த விளிம்பு வைத்த எஸ்30வி, தோலை அறுக்காமல் பிய்க்கும். மெல்லிய விளிம்புள்ள மலிவான ஸ்வீடன் மோரா கத்தி வழுக்கிக்கொண்டு போகும்.

ஒரே கோணம், ஒரே நேர்த்தியான தோய்ச்சல் என்றால் எஸ்90வி அதிக நேரம் மழுங்காது. மறுக்கவில்லை. அதில் 9 சதவீதம் வனேடியம் இருக்கிறது. அது கரியோடு சேர்ந்து உண்டாகும் வனேடியம் கார்பைடு, சாதாரண அலுமினியம் ஆக்சைடு சாணைக்கல்லைவிடக் கடினம். மழுங்காதவரை சுகம், மலையுச்சியில் பாதி உரித்த மானோடு நிற்கும்போது மழுங்கினால், பையில் வைரத் தகடு இல்லாதவர் என்ன செய்வார்? கத்தியை மழுக்குவதும் பெரும்பாலும் இறைச்சியல்ல, ரோமத்தில் ஒட்டிய மண். தோலை உள்ளிருந்து வெளியே கீறத் தெரிந்தவருக்கு அந்தத் தொல்லையே பாதி குறைந்துவிடும்.

துரு விஷயத்திலும் இதே ஏமாற்றம். டி2வில் குரோமியம் 12 சதவீதம் என்று படித்துவிட்டு இரத்தத்தோடு உறையில் செருகி வைக்கிறார்கள். அந்தக் குரோமியத்தில் நல்ல பங்கைக் கரி பிடித்து வைத்துக்கொள்கிறது. துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் வேட்டைக் கத்திக்கு வேட்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பார்சல் கயிறும் மாங்காயும்தான். அதற்கும் எஸ்90வி தேடி அலைகிறவர்கள் உண்டு.

அடுத்த முறை கடைக்காரரிடம் ராக்வெல் எண் எத்தனை, விளிம்புக்குச் சற்று மேலே தகடு எவ்வளவு தடிமன் என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக அவர் மறுபடியும் எஃகின் பெயரைத்தான் சொல்வார், இம்முறை கொஞ்சம் உரக்க.