கொடுத்த கைக்கும் ஒரு புள்ளி



விருந்து வீடொன்றில் சஹனைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் சோற்றைப் புகழ்வார்கள். ஆக்கியவர் யாரென்றும் சிலவேளை கேட்பார்கள். ஆனால் விடியற்காலையில் எழுந்து வெங்காயம் உரித்தவரையும், அரிசி களைந்தவரையும், தேங்காய் துருவியவரையும் எவராவது கேட்டதுண்டா? அவர்களுடைய பெயர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. நம்மில் அநேகருக்கு இது பழகிப்போன விடயம்.

அப்படியான பெயரையும் மறக்காமல் கணக்கில் எழுதுகின்ற ஒரு விளையாட்டைப் பற்றியே இம்மாதம் எழுத விரும்புகிறேன். அதன் பெயர் ஐஸ் ஹொக்கி. "குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே ஐஸைக் கண்டிராத நமக்கு இது எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சொல்ல வந்தது விளையாட்டை மட்டுமல்ல.

உறைந்த பனித்தளத்தின் மீது, அடியில் கூரிய அலகு பொருத்திய சப்பாத்துகளோடு வழுக்கி ஓடி ஆடுவது இந்த ஆட்டம். கையில் நீண்ட மட்டை. பந்து கிடையாது. மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலத் தடிப்பும் உள்ள கடினமான ரப்பர் வில்லையைத்தான் தள்ளிக்கொண்டு போய் எதிரணியின் வலைக்குள் அடிக்க வேண்டும். பக்கத்துக்கு ஆறு பேர். அவர்களுள் ஒருவர் கோல் காப்பாளர். இருபது நிமிடங்கள் வீதம் மூன்று பகுதிகள்.

ஆட்டத்தின் வேகம் அப்படிப்பட்டது. யாராலும் தொடர்ந்து நின்று ஆட முடியாது. ஒரு நிமிடம்கூட ஆகுமுன் மூச்சு வாங்க வெளியே வந்துவிடுவார்கள். ஓரத்தில் காத்திருந்த தோழிகள் அந்தக் கணமே உள்ளே பாய்வார்கள். தலைக்குக் கவசம், முகத்துக்குக் கம்பி வலை, உடம்பு முழுவதும் தடித்த காப்புடை. பெற்ற தாய்கூட முதுகிலுள்ள இலக்கத்தைப் பார்த்துத்தான் தன் மகளை அடையாளம் காண வேண்டும்!

இந்த விளையாட்டில் என் மனதைத் தொட்டது ஒரு விதி. கோல் போட்டவருக்கு ஒரு புள்ளி எழுதுவார்கள். வில்லையை அவரிடம் தள்ளிக் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி. அந்தக் கொடுத்தவருக்கு முன்னர் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி. ஆக, ஒரு கோலுக்கு மூன்று பேர் வரை கணக்கில் வருவார்கள். போட்டவரின் புள்ளிக்கும் கொடுத்தவரின் புள்ளிக்கும் பெறுமதியில் வித்தியாசம் இல்லை.

இனி, ஓர் அணியின் கதைக்கு வருவோம்.

அமெரிக்காவின் வடக்கே, கடுங்குளிருக்குப் பேர்போன மாநிலம் மினசோட்டா. அங்குள்ள மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் மகளிர் அணி, 2012இல் தொடங்கி 2013 மார்ச்சில் முடிந்த பருவகாலத்தில் 41 போட்டிகளில் ஆடியது. 41இலும் வென்றது. ஒரு தோல்வி இல்லை. சமநிலையில் முடிந்த ஆட்டமும் ஒன்றில்லை. அமெரிக்கக் கல்லூரி மகளிருக்கான தேசிய சம்பியன் போட்டி 2001இல் தொடங்கியதிலிருந்து, அதுவரை வேறெந்த அணியும் செய்திராத சாதனை அது. பயிற்றுவிப்பாளர் பிரட் புரொஸ்ட்.

அந்த அணியின் பெயர்பெற்ற வீராங்கனை அமண்டா கெசல். அந்தப் பருவத்தில் அவர் எடுத்த புள்ளிகள் 101. அதைப் பிரித்துப் பாருங்கள். அவர் போட்ட கோல்கள் 46. பிறர் கோல் போடக் கொடுத்தவை 55! நாட்டிலேயே சிறந்த கல்லூரி வீராங்கனைக்கான பட்டி கஸ்மையர் விருது அவ்வாண்டு அவருக்கே கிடைத்தது. பிறின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 1990இல் தமது 28ஆவது வயதிலேயே நோயால் இறந்துபோன ஒரு வீராங்கனையின் நினைவாக வழங்கப்படும் விருது அது. போட்டதைவிடக் கொடுத்தது அதிகமாயுள்ள ஒருவரின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது பொருத்தம்தானே.

வலைக்கு முன்னால் நின்றவர் பின்லாந்து நாட்டிலிருந்து படிக்க வந்த நூரா ராத்தி. அவர் காப்பாளராக நின்று வென்ற போட்டிகள் 38.

41க்கு 41 என்று கேட்கும்போது எல்லாம் இலகுவாக நடந்துவிட்டது போலத் தோன்றும். நடந்தது அப்படியல்ல. 2013 மார்ச் 16ஆந் திகதி, தேசியப் போட்டியின் காலிறுதி. எதிரில் வட டகோட்டாப் பல்கலைக்கழக அணி. அறுபது நிமிடங்கள் ஆடியும் இரண்டுக்கு இரண்டு. மேலதிக நேரம் கொடுத்தார்கள், முடிவில்லை. இரண்டாவது மேலதிக நேரம், அப்போதும் முடிவில்லை. மூன்றாவது மேலதிக நேரத்தில்தான் கெலி டெரி என்ற மாணவி கோல் போட்டார். இங்கே வழுக்கியிருந்தால் அத்தனை மாத உழைப்பின் பெயரும் மாறியிருக்கும். மார்ச் 22இல் அரையிறுதி. பொஸ்டன் கல்லூரியுடன் மறுபடியும் இரண்டுக்கு இரண்டு. மறுபடியும் மேலதிக நேரம். இம்முறை காப்பாற்றியவர் பின்லாந்தின் மற்றொரு மாணவி மிரா யலோசுவோ. அவர் பின்வரிசையில் நின்று தடுத்தாடுபவர். மார்ச் 24இல் நடந்த இறுதிப் போட்டியில் பொஸ்டன் பல்கலைக்கழகத்தை ஆறுக்கு மூன்று என வென்று கிண்ணத்தைத் தூக்கினார்கள்.

கவனியுங்கள். அணியை விளிம்பிலிருந்து மீட்ட அந்த இரண்டு கோல்களையும் போட்டவர் 101 புள்ளி எடுத்த நட்சத்திரம் அல்லர், அவருடைய தோழிகள்.

இத்துடன் நிறுத்தினால் இது வெறும் விளையாட்டுச் செய்தி. எனக்குத் தோன்றிய கேள்வி வேறு. இந்தப் பெண்பிள்ளைகளுக்கு முதலில் வில்லையைத் தள்ளிக் கொடுத்தவர்கள் யார்?

1972இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு என்பார்கள். மத்திய அரசின் பணத்தைப் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பேதம் பாராட்டக் கூடாது என்பது அதன் சாரம். பல்கலைக்கழக விளையாட்டிலும் பெண்களுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அதிலிருந்துதான் பிறந்தது. அப்படியிருந்தும், பனிக்குப் பெயர்போன மினசோட்டாவின் பல்கலைக்கழகம் தன் மகளிர் அணியைத் தொடங்கியது 1997இல்தான். சட்டம் வந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்!

2002இல் மினியாபொலிஸ் நகரில் றிடர் அரங்கு திறக்கப்பட்டது. அமெரிக்காவில் கல்லூரி மகளிர் ஹொக்கிக்கென்றே கட்டப்பட்ட முதலாவது அரங்கு அது. ஆண்கள் ஆடி முடித்த பின் மிஞ்சுகின்ற நேரத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத, பெண்களுக்கேயுரிய இடம். கத்லீன் றிடர் என்ற பெண்மணியும் அவரது கணவர் பொப் றிடரும் அதற்குக் கொடையளித்தவர்கள். அரங்கின் பெயர் அவர்களுடையது. 2013இன் இறுதிப் போட்டி நடந்ததும் அதே அரங்கில்தான். அந்த 41 வெற்றிகளில் இவர்களுக்கும் ஒரு புள்ளி எழுதத்தானே வேண்டும்?

சரி, கொடுக்கும் கை பின்வாங்கினால் என்ன நடக்கும்? அதற்கும் இதே கதையில் பதில் இருக்கிறது.

மூன்று மேலதிக நேரங்கள் வரை போராடித் தோற்ற வட டகோட்டா அணியை மறந்துவிடாதீர்கள். 2012 பெப்ரவரி தொடக்கம் இரண்டு பருவங்களைத் தாண்டி மினசோட்டா தொடர்ச்சியாக வென்ற போட்டிகள் 62. அந்தத் தொடரை 2013 நவம்பர் 17ஆந் திகதி மூன்றுக்கு இரண்டு என முறித்தது அதே வட டகோட்டாதான். எவராலும் அசைக்க முடியாத அணியை அசைத்துக் காட்டிய பிள்ளைகள் அவர்கள்.

2017 மார்ச் 29ஆந் திகதி அந்த அணி கலைக்கப்படுவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. காரணம் தோல்வியல்ல, பணம். மாநில அரசு கொடுத்துவந்த நிதி குறைந்ததால் செலவைச் சுருக்க வேண்டியிருந்தது. ஆண், பெண் இருபாலாரின் நீச்சல் அணிகளும் அன்று நிறுத்தப்பட்டன என்பதையும் நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆண்களின் ஹொக்கி அணி தொடர்ந்தது. பெண்களின் ஹொக்கி அணி முடிந்தது. பாதிப் படிப்பில் இருந்த மாணவிகளில் பலர் வேறு பல்கலைக்கழகங்களைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

ஏறத்தாழ ஒரு வருடம் சென்றது. 2018 பெப்ரவரி 22. தென் கொரியாவில் குளிர்கால ஒலிம்பிக். மகளிர் ஹொக்கி இறுதிப் போட்டியில் அமெரிக்காவும் கனடாவும். அமெரிக்கப் பெண்கள் தங்கம் வென்று சரியாக இருபது வருடங்கள் ஆகியிருந்தன. கனடா முன்னணியில் இருந்த வேளையில் சமநிலைக் கோலைப் போட்டவர் மொனிக் லமொரூ. மேலதிக நேரத்திலும் முடிவு வராமல், ஆளுக்கொருவராகப் போய் அடிக்கும் கட்டம் வந்தது. அதில் அமண்டா கெசலும் ஒரு கோல் போட்டுக் கொடுத்தார். ஐந்து சுற்றுகள் முடிந்தும் இரு அணியும் சமம். ஆறாவது சுற்றில் கனடாவின் காப்பாளரை ஏமாற்றி வில்லையை வலைக்குள் சேர்த்துத் தங்கத்தை உறுதிசெய்தவர் ஜொஸலின் லமொரூ. மொனிக்கின் இரட்டைச் சகோதரி.

இந்த இரட்டையர் எங்கு வளர்ந்தவர்கள் தெரியுமா? வட டகோட்டாப் பல்கலைக்கழகம் இருக்கின்ற கிராண்ட் போர்க்ஸ் நகரில். 2013இன் அந்த நீண்ட காலிறுதியில் மினசோட்டாவை எதிர்த்து ஆடியவர்கள் இவர்கள். கலைக்கப்பட்ட அந்த அணியின் பிள்ளைகள்! அவர்களுடைய காலத்தில் கதவு திறந்திருந்தது, நுழைந்தார்கள். அவர்களைப் பார்த்து அதே ஊரில் சப்பாத்துக் கட்டத் தொடங்கிய சின்னப் பெண்பிள்ளைகளுக்கு, சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் கதவு மூடியிருந்தது.

சகோதரிகளே, இதைப் பெரிய பல்கலைக்கழகங்களின் கணக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் எனக்கு என்னவோ நம் வீட்டுக் கணக்குப் புத்தகம்தான் ஞாபகம் வருகிறது. மாதக் கடைசியில் கை இறுகும்போது, முதலில் நிற்பது யாருடைய டியூஷன் வகுப்பு? மகனுடையதா, மகளுடையதா? "அவள் கெட்டிக்காரி, வீட்டிலிருந்தே படித்துக்கொள்வாள்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம்! கையில் பணமில்லை என்பது பொய்யல்ல. சுருக்கத்தான் வேண்டும். ஆனால் சுருக்குகின்ற கத்தரிக்கோல் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கத்துத் துணியை வெட்டுகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

இன்னொன்று. நம் வீடுகளில் பரீட்சை முடிவு வரும். தங்கச்சி நல்ல பெறுபேறு எடுத்திருப்பாள். வாப்பா இனிப்பு வாங்கி வருவார், அயல்வீடுகளுக்கும் போகும். அவள் படிப்பதற்காக இரண்டு வருடங்கள் அவளுடைய வீட்டுவேலையையும் சேர்த்துச் செய்த தாத்தா, அந்த நேரத்திலும் குசினியில்தான் நின்றுகொண்டிருப்பாள். அவளைக் கூப்பிட்டு, முதல் இனிப்பை அவளுடைய கையில் கொடுங்கள். "இதில் உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது மகள்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

பிறகு, அவளும் படிக்க விரும்புகிறாளா என்று கேளுங்கள். கொடுத்தவளுக்கும் ஆடத் தெரியும்.