ஊக்கு இருக்க பயம் எதற்கு?

நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில் வாசலில் ஹவாய் செருப்பின் வார் கழன்று வந்துவிட்டால், சட்டைப் பையில் இருக்கும் சுவிஸ் கத்தி என்ன செய்யும்? சும்மா இருக்கும்! பக்கத்தில் நிற்கும் மாமியின் வளையலில் தொங்கும் ஊக்குதான் உதவும். வாரை ஓட்டைக்குள் திணித்து, செருப்பைத் திருப்பி, குமிழின் கழுத்தில் ஊக்கைக் குறுக்கே குத்திப் பூட்டினால் வீடு வரை தாங்கும். பாவாடைக்கு நாடா கோர்க்கவும் அதேதான். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போது கைப்பையில் கத்தி கூடாது. ஊக்கை யார் கேட்கிறார்கள்?

1849-ல் இதற்குக் காப்புரிமை வாங்கிய வால்ட்டர் ஹண்ட், வெறும் 400 டாலருக்கு விற்றுவிட்டாராம். பாவம் மனுஷன்.

பையன்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கினால் அது 'கருவி'. அம்மாக்கள் சுமந்தால் 'பொம்பளைங்க சமாச்சாரம்'. சட்டைப் பொத்தான் அறுந்த அன்றைக்கு மட்டும் ஓடுவது அம்மாவிடம்தான்.