விலை இறங்கும் வண்டி

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் அன்பர்கள், ஆண்டுதோறும் அதன் மதிப்புக் குறையக் கண்டு, விற்பதா வைத்திருப்பதா என மயங்குகின்றனர். எம் கருத்தை ஈண்டு உரைப்போம்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, ஓடித் தேய்ந்த கார்களும் வாங்கிய விலையிலும் கூடிய விலைக்குப் போயின. அதனாற் காரையும் காணிபோல ஒரு முதலென எண்ணப் பழகினோம். விலையை ஏற்றியது பற்றாக்குறையேயன்றி வண்டியின் தகைமையன்று. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் தடை நீங்கியபின், அப்பற்றாக்குறை நிலைக்குமென நம்புதற்கில்லை.

கொக்கட்டிச்சோலைக் கமக்காரர் முதல் இன்னதென நன்கறிவர். பசு கன்று ஈனும். வயல் போகந்தோறும் விளையும். கொட்டிலில் நிற்கும் காரோ காப்புறுதிக்கும் வரிப்பத்திரத்துக்கும் ஆண்டுதோறும் பணங் கேட்கும். 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் அது வாவியை எளிதிற் கடக்கும். அப்பாலுள்ள படுவான்கரையின் கிரவல் வீதிகளோ தரையொட்டிய அவ்வண்டிக்கு ஒவ்வா.

ஆதலின், இலாபங் கருதி வைத்திருப்போர் தாமதியாது விற்பதே நன்று. அப்பணம் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும். ஓட்டும் இன்பத்துக்காக வைத்திருப்போர், அது செலவென அறிந்தே வைத்திருக்கட்டும், அதிற் குற்றமில்லை. செலவைச் சேமிப்பென மயங்குதலையே நாம் மறுக்கின்றோம்.