காற்றின் கண்

சென்ற வாரம் நம் வீட்டுக் கீழண்டை ஜன்னலைச் செப்பனிடத் தச்சர் ஒருவர் வந்தார். ஐப்பசி மழையில் ஊறி உப்பிப்போன அதன் கதவு, திறந்தால் மூடுவதில்லை, மூடினால் திறப்பதில்லை என்று பிடிவாதம் செய்துகொண்டிருந்தது. தச்சர் அதை ஒரு முறை குலுக்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது திறக்கிற ஜன்னலா இருக்கணுமா, மூடுற ஜன்னலா இருக்கணுமா?" என்று கேட்டார். அவர் பரிகாசமாகக் கேட்கவில்லை. மூடியே வைப்பதானால் நான்கு ஆணிகளோடு வேலை தீர்ந்துவிடும். திறந்து மூடவேண்டுமானால் கதவைக் கழற்றி இழைப்புளி போட்டு இழைத்து, கீலையும் மாற்றவேண்டும். கூலியும் அதற்குத் தக்கபடி ஏறும். நாம் உடனே விடை சொல்லி அவரை வேலையில் அமர்த்திவிட்டோம். ஆயினும் அந்தக் கேள்வி நம்மை எளிதில் விடவில்லை.

முதலில் ஜன்னல் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இது நம் சொல்லன்று. 1498-இல் கள்ளிக்கோட்டையில் வந்திறங்கிய போர்த்துக்கீசியர், மேசையையும் அலமாரியையும் சாவியையும் நமக்குத் தந்ததுபோல இந்தச் சொல்லையும் தந்துபோனார்கள். அவர்கள் மொழியில் அது 'ஜனேலா'. வங்காளிகள் அதை 'ஜானாலா' என்கிறார்கள். சிங்களவர் 'ஜனேலய' என்கிறார்கள். மலாய்க்காரர் 'ஜெண்டேலா' என்கிறார்கள். கடலோடி வந்தவர்கள் இறங்கிய கரைகளிலெல்லாம் ஒரு ஜன்னலைத் திறந்துவைத்துப் போயிருக்கிறார்கள்.

அதனால் அதற்கு முன்பு நமக்கு ஜன்னல் இல்லை என்று யாரும் எண்ணவேண்டா. சாளரம் என்றும், பலகணி என்றும், காலதர் என்றும் நம் முன்னோர் வழங்கினர். பல கண்களை உடையது பலகணி. கால் என்பது காற்று, அதர் என்பது வழி. காற்று வரும் வழி காலதர். இங்கிலீஷ்காரர் வழங்கும் 'விண்டோ' என்ற சொல்லின் மூலத்தைத் தேடிப் போனால், வடகடலோரத்துப் பழைய நார்ஸ் மொழியில் அதற்குக் 'காற்றின் கண்' என்றே பொருள். வடமொழியிலோ கவாக்ஷம், அதாவது காளையின் கண். பிரெஞ்சுக்காரரும் வட்டமான ஜன்னலை எருதின் கண் என்றே சொல்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மாளிகைகளின் காலதர்கள் மானின் கண்ணைப் போன்றவை என்று கூறப்பட்டிருக்கிறது. ஒருவரையொருவர் காணாத இத்தனை ஜனங்களும் சுவரில் ஓட்டையிட்டவுடன் கண்ணையும் காற்றையுமே நினைத்திருக்கிறார்கள். காலை யாரும் நினைக்கவில்லை. நடந்து வருவதற்குத்தான் வாசல் இருக்கிறதே!

காற்றும் வெளிச்சமும் கடவுள் இலவசமாகக் கொடுத்தவை என்பார்கள். ஆனால் 1696-இல் இங்கிலாந்து தேசத்தில் ஜன்னலுக்கு வரி விதித்தார்கள். வீட்டில் எத்தனை ஜன்னல் என்று எண்ணி வரி வாங்கினார்கள். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? செங்கல்லை வைத்து ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள். வாடகைக்கு விடுபவர்கள் வரியை மிச்சப்படுத்த, அங்கே குடியிருந்த ஏழைகள் இருட்டிலும் புழுக்கத்திலும் நோயுற்றார்கள். 1784-இல் பிட் என்னும் மந்திரி, தேயிலையின்மேல் இருந்த வரியை நூற்றுக்கு 119-லிருந்து 12½ ஆகக் குறைத்து, அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய ஜன்னல் வரியை உயர்த்தினார். அன்று இங்கிலாந்தில் தேயிலை வியாபாரம் கிழக்கிந்தியக் கம்பெனியார் கையில் இருந்தது என்பதை நேயர்கள் மறக்கவேண்டா. கம்பெனியாரின் தேநீர் மலிந்தது. குடியானவன் வீட்டில் வெளிச்சம் கிராக்கியாயிற்று. 1851-இல்தான் அந்த வரி ஒழிந்தது. சொந்த ஜனங்களின் வெளிச்சத்துக்கே வரி கேட்டவர்கள் நம் உப்புக்கு வரி கேட்டதில் வியப்பு என்ன? அதற்கு 1930-இல் தண்டியிலும் வேதாரணியத்திலும் நாம் விடை சொன்னோம்.

அவர்களை மட்டும் குறை கூறிவிட்டு நம் வீட்டு ஜன்னல்களைப் பாராமல் இருப்பது நியாயமன்று. ஜயப்பூரில் 1799-இல் மகாராஜா சவாய் பிரதாப் சிங் கட்டுவித்த ஹவா மஹால் இருக்கிறது. ஹவா மஹால் என்றால் காற்று மாளிகை. ஐந்து அடுக்கு; 953 ஜன்னல்கள். கடைவீதிப் பக்கமிருந்து பார்த்தால் தேன்கூடு போல் அழகு சொட்டுகிறது. கோஷாவிலிருந்த அரண்மனை ஸ்திரீகள் வீதியிலே போகும் ஊர்வலங்களையும் திருவிழாக்களையும் பார்க்கவேண்டும். அவர்களை யாரும் பார்த்துவிடக் கூடாது. அதற்காகவே அந்த 953 ஜன்னல்களும். வீதியில் இறங்கி நடப்பதற்கு ஒரு வாசல் கொடுத்திருந்தால் அத்தனை சிற்ப வேலை தேவைப்பட்டிராது! நம் மாமல்லபுரத்துக் கல் ரதங்களிலும் கூரை விளிம்பில் வரிசையாகக் கூடுகள் இருக்கின்றன. அவையும் ஜன்னலின் வடிவங்களே, ஆனால் திறவாதவை. அவற்றிலிருந்து எட்டிப் பார்க்கும் சின்னஞ்சிறு முகங்கள் 1,300 ஆண்டுகளாக எட்டிப் பார்த்தபடியே இருக்கின்றன.

உடுப்பியிலே இன்னொரு ஜன்னல். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கனகதாசர், ஆடு மேய்க்கும் குலத்தில் பிறந்த பரம பக்தர். கண்ணன் கோயிலுக்குள் அவரை விடவில்லை. அவர் கோயிலுக்குப் பின்புறம் நின்று உருகினார் என்றும், சுவர் பிளந்து, கண்ணன் மேற்கு முகமாகத் திரும்பி அவருக்குக் காட்சி தந்தான் என்றும் ஐதிகம். அந்த இடத்து ஜன்னலுக்குக் கனகன் கிண்டி என்று பெயர். நம் பக்கத்திலும் திருப்புன்கூரில் நந்தனார் வெளியே நின்று தரிசிப்பதற்காக நந்தி விலகிக்கொண்டதாகப் புராணம் கூறுகிறது.

இக்கதைகளைக் கேட்டு உருகாத உள்ளம் இல்லை. நாமும் உருகியிருக்கிறோம். ஆனால் சற்றே யோசித்தால் ஒன்று உறுத்துகிறது. கண்ணன் திரும்பினான், சுவர் பிளந்தது, நந்தி விலகிற்று, கல்லெல்லாம் அசைந்தது. வாசலில் நின்ற மனிதர்கள் மாத்திரம் அசையவில்லை! அவர்கள் அசைவதற்கு 1936-இல் திருவிதாங்கூர்ப் பிரகடனமும், 1939-இல் வைத்தியநாதையர் மதுரை மீனாக்ஷி கோயிலுக்குள் ஹரிஜன சகோதரர்களை அழைத்துச் சென்ற நாளும் வரவேண்டியிருந்தது.

பிறரைப் பற்றி இவ்வளவு எழுதிய நாம் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஆசிரியராக இருந்த ஊருக்கு அருகே ஒரு செங்கற் சூளை இருந்தது. தை பிறந்ததும் வெளியூர்களிலிருந்து குடும்பங்கள் வந்து கல் அறுப்பார்கள். மாசி மாதத்தில் ஒரு நாள், "முக்காலில் பாதி எவ்வளவு?" என்று வகுப்பில் கேட்டோம். வகுப்பு விழித்தது. ஜன்னலுக்கு வெளியிலிருந்து, "எட்டில் மூணு" என்று ஒரு குரல் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேலெல்லாம் செம்மண்ணோடு, பத்து வயதுப் பையன் ஒருவன் நின்றான். அதற்குப் பிறகு நாள்தோறும் வந்தான். நமக்கு ஆனந்தம் தாங்கவில்லை. வீட்டிலும் நண்பர்களிடமும் அவனைப் பற்றிப் பெருமையாகச் சொன்னோம். அவனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று கரும்பலகையைக்கூட ஜன்னல் பக்கமாகச் சற்றுத் திருப்பி வைத்தோம். உடுப்பிக் கண்ணனே நாம்தான் என்று உள்ளூர நினைத்துக்கொண்டோம் போலும்!

மாணவர் பதிவேடு அவ்வளவு நாளும் நம் மேசைமேலேதான் இருந்தது. பரீட்சை நெருங்குகிறது, விடுமுறை கழித்து முறைப்படி சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டோம். விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபோது சூளை அவிந்து கிடந்தது. குடும்பங்கள் போய்விட்டன. அவன் பெயரைக்கூட நாம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த தை மாதம் நாமே சூளைக்குப் போனோம். அவன் வரவில்லை. வேறு மூன்று குழந்தைகள் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெற்றோரிடமும் சூளைக்காரரிடமும் பேசி, அன்றே அம்மூவர் பெயரையும் பதிவேட்டில் எழுதினோம். அவர்கள் வாசல் வழியாக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நம் கண் ஜன்னல் கம்பிக்குப் போய்வரும்.

தச்சர் வேலையை முடித்துவிட்டார். கதவு இப்போது ஒரு விரலால் தள்ளினாலும் திறக்கிறது. நல்ல காற்று வருகிறது. நேயர்கள் வீட்டு ஜன்னல்களும் அப்படியே இருக்கட்டும். மாலையில் உங்கள் குழந்தைகள் பாடம் படிக்கும்போது, வேலைக்கு வரும் அம்மாளின் பெண்ணோ, பக்கத்துக் கொட்டகைப் பையனோ அதன் வழியே பார்த்துக்கொண்டு நின்றால், விளக்கை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். எழுந்துபோய்ப் பெயரைக் கேளுங்கள், வாசலைக் காட்டுங்கள்.