தலை திரும்பாத தலைச்சன்

"குழந்தைக்குத் தலை இன்னும் திரும்பவில்லை, அம்மா" என்று லேடி டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அன்று முதல் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. தலைச்சன் பிரசவமாக இருந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம்! பாட்டி ஒன்று சொல்வாள். எதிர்வீட்டு மாமி வேறொன்று சொல்வாள். கர்ப்பிணிக்கு மட்டும், தன் சந்தேகத்தை யாரிடம் கேட்பதென்று தெரியாது.

நிறைமாதத்தில் 100 குழந்தைகளில் 3 அல்லது 4, தலையை மேலே வைத்து, உட்கார்ந்த வாக்கில் இருந்துவிடுகின்றன. வழக்கமான பிரசவத்தில் முதலில் வருவது தலை. பல மணி நேர வலியில் அது சிறிது சிறிதாக நெருங்கி, வழிக்கு ஏற்றபடி தன்னை அமைத்துக்கொள்கிறது. பிருஷ்டம் முன்னால் வந்தால் தலைக்கு அந்த அவகாசம் ஏது? உடல் வெளிவந்த சில நிமிஷங்களில் தலையும் வந்தாக வேண்டும். ஏற்கனவே பிள்ளை பெற்றவளுடைய இடுப்பு, பரீட்சையில் தேறிய இடுப்பு. தலைச்சன் பிள்ளைக்காரிக்கு அப்படியில்லை.

36-வது வாரத்தில், வயிற்றின் மேலிருந்தே கையால் குழந்தையைத் திருப்பிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. முதல் பிரசவத்தில் 100 பேரில் சுமார் 40 பேருக்கு அது பலிக்கிறது. மற்றவர்களுக்கு? இடுப்பெலும்பின் வழியை அளந்து பார்க்கலாமே என்ற யோசனை அங்கேதான் வருகிறது.

முன்பெல்லாம் எக்ஸ்-ரே எடுத்து அளந்தார்கள். 1956-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பெண் டாக்டர், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மாரை விசாரித்து, கர்ப்பத்தில் வயிற்றில் எக்ஸ்-ரே எடுத்துக்கொண்டவர்களின் குழந்தைகளுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு என்று எழுதினார். பெரிய டாக்டர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். தாய்மாரிடமே கேட்போம் என்று அவருக்குத் தோன்றியது பாருங்கள், அதற்காகவே அந்த அம்மாளை ஒரு கும்பிடு போடலாம்!

இப்போது பல இடங்களில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கிறார்கள். காந்த சக்தியால் எடுப்பது. எக்ஸ்-ரே கதிர் இல்லை. அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்கத்து எலும்பின் உட்புறத்திலிருந்து, பின்னால் முதுகெலும்பு இடுப்போடு சேரும் மேடு வரையில் எவ்வளவு தூரம் என்று பார்ப்பது முக்கியம். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில், தலைச்சன்காரிகளுக்கு இது 12 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்று விதி வகுத்துக்கொண்டார்கள்.

அளப்பதால் லாபம் உண்டா? 1997-ல் நெதர்லாந்து டாக்டர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். குழந்தை தலை திரும்பாத 235 தாய்மாருக்கும் படம் எடுத்தார்கள். ஆனால் ஏறக்குறைய பாதிப் பேருடைய அளவைத்தான் பிரசவம் பார்க்கும் டாக்டருக்குச் சொன்னார்கள், மற்றவர்களுடையதை மறைத்துவிட்டார்கள். மொத்த ஆபரேஷன்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவசர ஆபரேஷன்களோ, அளவு தெரியாதவர்களில் 100-க்கு 35, தெரிந்தவர்களில் 19.

இது சின்ன விஷயமா? வலியோடு பாதி ராத்திரி போராடிய பிறகு ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவதும், முன்பே நாள் குறித்து மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு போவதும் ஒன்றாகுமா, சொல்லுங்கள்!

அதற்காக சென்டிமீட்டரே எல்லாம் என்று எண்ணிவிடாதீர்கள். 2000-ல் 26 நாடுகளில் நடந்த ஆராய்ச்சி, குழந்தைக்கு ஆபரேஷனே பத்திரம் என்றது. உலகெங்கும் ஆஸ்பத்திரிகள் இந்தப் பிரசவத்தைக் கைவிட்டன. கை பழகாத இளம் டாக்டர்கள் ஒரு தலைமுறையே வந்துவிட்டார்கள். 2006-ல் பிரான்ஸும் பெல்ஜியமும் 8,000-க்கு மேற்பட்ட தாய்மாரின் கணக்கைக் காட்டி, நன்கு பொறுக்கியெடுத்துக் கவனித்தால் பெரிய வித்தியாசமில்லை என்றன. அங்கே இயற்கைப் பிரசவத்துக்கு நின்ற பெரும்பாலோருக்கு இடுப்பளவு பார்த்திருந்தார்கள். பிரிட்டிஷ் மகப்பேறு டாக்டர்களின் ராயல் காலேஜோ, அளப்பதன் பயன் தெளிவாகவில்லை என்று 2017-லும் எழுதியது.

படத்தில் எலும்பு தெரியும். பிரசவம் பார்ப்பவரின் கைப்பழக்கம் தெரியாது. ஆகவே இடுப்பளவைக் கேட்கும்போதே, "இந்த மாதிரிப் பிரசவம் நீங்கள் எத்தனை பார்த்திருக்கிறீர்கள், டாக்டர்?" என்றும் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாரானால், 36-வது வாரத்தில் வேறொரு டாக்டரைப் பார்க்க இன்னும் நாள் இருக்கிறது.