பார்மட் ஒன்றுதான் மருந்தா?

கணிப்பொறியை இயக்குகிறோம். பெயரைத் தருகிறோம், கடவுச்சொல்லைத் தருகிறோம். திரை ஒரு நொடி கறுக்கிறது. மறு நொடியே பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் அதே பழைய திரை! பத்து முறை முயன்றாலும் பத்து முறையும் இதே கதைதான். கல்லூரி ஆய்வகத்திலோ வீட்டு மடிக்கணினியிலோ இந்நோயைக் காணாத மாணவர் நம்மிடையே அரியர். இதற்கு நம் ஊரில் வழங்கிவரும் மருந்து ஒன்றே ஒன்று: "பார்மட் அடிச்சிருவோம்!" அந்த ஒரு சொல்லை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதலில் நோயை அறிவோம். கடவுச்சொல் தவறாக இருந்தால், 'தவறு' என்று கணிப்பொறி சொல்லிவிடும். அவ்வாறு சொல்லாமல் திரை கறுத்துத் திரும்புகிறது என்றால், கடவுச்சொல்லை அது ஏற்றுக்கொண்டது என்றே பொருள். வாயிற்காவலன் நம்மை உள்ளே விட்டுவிட்டான். உள்ளே உட்காரத்தான் இடமில்லை. பயனர் ஒருவர் நுழைந்ததும் அவருடைய அடைவைத் திறந்து, அவர் வைத்திருந்த அமைப்புகளைப் படித்து, சில சிறு கோப்புகளை எழுதி, அதன் பிறகே கணிப்பொறி அவருக்குரிய திரையை விரிக்கிறது. இவற்றுள் ஒன்று தடைப்பட்டாலும் அமர்வு முடிந்து, நாம் மீண்டும் வாயிலுக்கே வந்துவிடுகிறோம்.

தடை எங்கே இருக்கும்? 2011ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கருவிகளில் விண்டோசோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்சும் இருந்தது. அவற்றுள் சில அண்ணன், அக்காள் கைமாறி இன்றும் நம் வீடுகளில் உழைக்கின்றன. லினக்சில் இந்நோய் வந்தால் முதலில் ஐயுற வேண்டியது வட்டு நிறைந்துவிட்டதா என்பதை. நாற்பது பேர் ஒரே பெயரில் நுழையும் ஆய்வகக் கணிப்பொறியில் திரைப்படங்கள் குவிந்தால் வட்டு நிறையாமல் என்ன செய்யும்? ஒரு சிறு கோப்பு எழுதவும் இடமில்லாதபோது திரை எப்படி விரியும்? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், படங்கள் ஏதுமில்லாத எழுத்துத் திரை ஒன்று வரும். அங்கே நுழைந்து 'டி.எஃப்.' என்னும் ஆணையை இட்டால், வட்டில் எத்தனை விழுக்காடு நிறைந்துள்ளது என்று தெரியும். 100 என்று காட்டினால் நோய் பிடிபட்டது. வேண்டாதவற்றை நீக்கினால் போதும். வட்டில் 5 விழுக்காடு இடத்தை நிர்வாகிக்கென லினக்ஸ் ஒதுக்கி வைப்பது வழக்கம். ஆதலால் நிறைந்த வட்டிலும் அவர் நுழைந்து துப்புரவு செய்ய வழியுண்டு.

வட்டில் இடமிருந்தும் நோய் தீரவில்லையா? நிர்வாகி அதிகாரத்தோடு யாரேனும் ஏதேனும் ஒரு நிரலை இயக்கியிருக்கக்கூடும். அதனால் பயனரின் அடைவிலுள்ள 'எக்ஸ்அதாரிட்டி' என்னும் சிறு கோப்பு சில வேளைகளில் நிர்வாகியின் உடைமையாகிவிடும். தம் வீட்டுத் திறவுகோல் பிறர் பெயரில் இருந்தால் உரியவர் எப்படி உள்ளே போவார்? அக்கோப்பின் உரிமையைத் திருத்தினாலோ, அதற்கு வேறு பெயரிட்டு ஒதுக்கினாலோ போதும்; கணிப்பொறி புதிதாக ஒன்றைத் தானே எழுதிக்கொள்ளும்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலும் இதே நோய் வேறு வடிவில் இருந்தது. அதில் பயனரின் திரையை அமைக்கும் பணியைத் தொடங்குவது 'யூசர்இனிட்' என்னும் சிறு நிரல். நச்சு நிரல் ஒன்று பதிவேட்டில் அதன் பெயரை அகற்றித் தன் பெயரை எழுதிவிடும். பின்னர் நச்சுநீக்கி அந்த நச்சு நிரலை அழிக்கும். பதிவேட்டில் உள்ள பெயரை விட்டுவிடும். பிறகென்ன? இல்லாத ஆளைக் கூப்பிட்டுவிட்டு விண்டோஸ் வாயிலுக்குத் திரும்பும். பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தினால் தீரும் நோய் அது. அதற்காக எத்தனை வட்டுகள் துடைக்கப்பட்டனவோ!

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நம் உழவர்கள் அணைக்கட்டையா இடிக்கிறார்கள்? கரையோடு நடந்து, எந்த மடையில் அமலைச்செடி அடைத்திருக்கிறது என்றல்லவா பார்க்கிறார்கள்!

என் தோழி ஒருத்தி முதுகலைத் தமிழ் மாணவி. ஆய்வேட்டுக்காக ஆற்றங்கரைச் சிற்றூர்களுக்குச் சென்று, வில்லிசைப் புலவர் ஒருவரைப் பாடவைத்து ஒலிப்பதிவு செய்து மடிக்கணினியில் வைத்திருந்தாள். மடிக்கணினிக்கு இந்நோய் வந்தது. பழுது பார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தாள். அரை மணி நேரத்தில் புத்தம் புதியதாய்த் திரும்பி வந்தது, ஒரு பாட்டுக்கூட இல்லாமல். "உள்ளே ஏதாவது வேணுமா?" என்று அங்கு யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பது அவளுக்கும் தோன்றவில்லை. எண்பதைத் தாண்டிய அந்தப் புலவரை மறுபடியும் ஆறு மணி நேரம் பாடச் சொல்லிக் கேட்கும் துணிவு அவளுக்கு இல்லை.

ஆய்வகப் பொறுப்பாளர்களை நான் குறை கூறவில்லை. மறுநாள் செய்முறைத் தேர்வு, முப்பது கணிப்பொறிகள், இருப்பவரோ ஒருவர். அவர் ஒவ்வொரு பொறியிடமும் நோய்நாடி, நோய்முதல் நாடிக்கொண்டிருக்க முடியுமா? துடைத்துவிட்டுப் புதிதாய் நிறுவுவதே அவருக்கு எளிது. மேலும், கணிப்பொறி தன் குறையை வெளிப்படையாகச் சொல்வதும் இல்லை. காரணத்தை எங்கோ ஒரு கோப்பில் ஆங்கிலத்தில் எழுதிவைத்துவிட்டுத் திரையில் வாய்மூடி நிற்கிறது. பாஸ் லினக்சின் பட்டியல்களைத் தமிழில் காட்ட அறிஞர்கள் பாடுபட்டார்கள், பாராட்டுகிறேன். ஆனால் 'வட்டு நிறைந்துவிட்டது, ஆகையால் நுழைய இயலவில்லை' என்ற ஒற்றை வரியை அந்த வாயில் திரையில் தமிழில் காட்டியிருந்தால், அது நூறு பட்டியல்களுக்கு ஈடாகும் என்பது என் கருத்து.

நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. லினக்சைப் பென்டிரைவில் இருந்தே இயக்கலாம். அவ்வாறு இயக்கினால், நம்மை உள்ளே விடாத கணிப்பொறியின் வட்டையும் திறந்து கோப்புகளைப் படியெடுக்கலாம். பார்மட் தவிர்க்க முடியாததென்றால் அதன் பிறகு செய்யட்டும். (இக்காலப் புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் விண்டோஸ் வட்டையே பூட்டி வைக்கிறது. அவற்றுக்கு மீட்புத் திறவெண் வேண்டும். அதை நோய் வருமுன்னரே குறித்து வைக்க வேண்டும்.) கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. அத்தனை கருவிகளோடு இந்நோயும் வரத்தான் போகிறது.

எனவே துறைத்தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலாண்டுச் செய்முறை வகுப்பில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். அந்த லினக்ஸ் பென்டிரைவ் ஒன்று ஆய்வக மேசை இழுப்பறையில் எப்போதும் இருக்கட்டும். ஒரு முறை பார்மட் அடிக்கக் கடையில் வாங்கும் கூலியை விட அதன் விலை அதிகமாக இராது.