திரியாய்க்கு வரும் நன்கொடைகள் குறித்து எமது சங்கத்தின் நிலைப்பாடு

கடந்த பொதுக்கூட்டத்தில் நடந்ததை அங்கத்தவர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டிலுள்ள எமது உறவுகள் தர முன்வந்த தொகையை ஊர் நுழைவாயில் வளைவுக்குச் செலவிடுவதா, வேறு தேவைக்கா என்ற கேள்வியில் கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. அதன்பின் தொலைபேசி வழியே பரவிய பேச்சுகள் இரு பக்கத்தாரையும் புண்படுத்தின. மூன்று தடவை கூடிப் பேசி, இருபுறமும் சில சொற்களை விட்டுக்கொடுத்து, செயற்குழு ஏற்றுக்கொண்ட நிலைப்பாட்டை இங்கே தருகிறோம்.

முதலில் நன்றி. 1985இல் போரில் வீடுகள் எரிந்து நாம் ஓடியபோதும், 1990இல் மறுபடி இடம்பெயர்ந்தபோதும், 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்து பற்றை வெட்டியபோதும் வெளியூரில் இருந்தவர்கள் எம்மைக் கைவிடவில்லை. 2022இல் எரிபொருளும் பால்மாவும் இல்லாத மாதங்களில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த காசில் அடுப்பெரிந்த வீடுகள் எம்மிடையே உண்டு. அந்த மனதைக் குறைத்து இந்த அறிக்கையில் ஒரு வரியும் எழுதப்படவில்லை.

ஆனால் நல்ல மனதோடு கொடுத்ததெல்லாம் நல்லபடி போய்ச் சேராது என்பதை எமது திருகோணமலை மாவட்டம் கண்ணால் கண்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் உலகெங்கும் திரண்ட உதவி சுமார் 1,350 கோடி டொலர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2005 ஜனவரி முதல் வாரத்திலேயே, இந்தப் பணிக்குப் போதிய பணம் சேர்ந்துவிட்டது, இனி வேறு தேவைகளுக்குத் தாருங்கள் என்று பகிரங்கமாக அறிவித்தது. அப்படிச் சொல்லும் நேர்மை பலருக்கு வரவில்லை. வந்த காசைச் செலவழித்துக் கணக்குக் காட்டும் அவசரத்தில் கரையெங்கும் படகுகளை இறக்கினார்கள். கடலுக்குப் போகாதவர் பெயரிலும் படகு வந்தது. அலைக்கு ஓடியவருக்குக் கல்வீடு எழும்பியது. துவக்குக்கு ஓடியவர் பல வருடங்களாகத் தறப்பாளுக்குக் கீழேயே இருந்தார். இரண்டு பேரும் ஒரே மாவட்டத்தவர்தான். எங்கே தேவை என்று எவரும் கேட்கவில்லை, எதற்குக் காசு வந்தது என்றே பார்த்தார்கள்.

அப்படி எவரும் கேட்காத எமது தேவை காணி. இந்தப் பகுதி நீண்டுவிட்டதாகச் செயற்குழுவில் சிலர் கருதினர். சுருக்க எம்மால் முடியவில்லை.

எரிந்த வீடுகளோடு உறுதிகளும் எரிந்தன. காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம் என்பார்கள். எடுக்கலாம்தான். தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தேட வேண்டும். தேடுவதற்குத் திருகோணமலைக்குப் போய்வரும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி இல்லை. அதற்குப் பிறகு நில அளவையாளர், சட்டத்தரணி, தவணைக்கு மேல் தவணை. இவ்வளவும் முடிந்து கையில் கிடைப்பது ஒரு தாள். அந்தத் தாளைப் பிடித்தபடி நின்று படம் எடுத்துப் போட எவருக்கும் ஆசை வராது. அதனால்தான் எமது ஊருக்குப் புத்தகப்பை வருகிறது, தையல் இயந்திரம் வருகிறது, கோழிக்குஞ்சு வருகிறது, ஒரு நில அளவையாளரின் கூலி மட்டும் இன்றுவரை வரவில்லை.

2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தை இங்கே நினைவூட்டுகிறோம். போரால் காணிக்குத் திரும்ப முடியாதிருந்தவர்களுக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, நீண்டகாலம் வைத்திருந்ததால் பிறர் கோரும் ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது அது. வழக்குப் போட அது கொடுத்த அவகாசம் இரண்டே வருடங்கள். எம்மில் அநேகர் அந்தச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டது அவகாசம் முடிந்த பிறகு. அந்த இரண்டு வருடத்தில் எமக்கு யாரும் ஒரு சட்டத்தரணியை அனுப்பவில்லை. பரிசளிப்பு விழாக்கள் நடந்தன, மாலை போட்டோம், கைதட்டினோம்.

காணியைத் தொட்டால் அரசியல் என்று சில நன்கொடையாளர்கள் தயங்குவது எமக்குத் தெரியும். சங்கம் எந்தக் கட்சியையும் சார்ந்ததல்ல. எந்தச் சமூகத்தின் வழிபாட்டிடத்துக்கும் எதிரானதும் அல்ல. எமது ஊரிலுள்ள கிரிகண்டு சேய பௌத்த விகாரை நாட்டின் பழமையான சின்னம் என்பதில் எமக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் இடங்களையும் அவற்றுக்குரிய காணியையும் அடையாளம் காணவென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. அப்படியான காலத்தில், பாட்டன் விதைத்த வயலுக்குப் பத்திரம் தேடுவது அரசியல் என்றால், நாம் இந்த ஊரில் இருப்பதே அரசியல்தான்.

உலர் உணவுப் பொதி ஒரு மாதத்தில் முடிந்துபோகும். பத்திரம் உள்ள வயல் பெரும்போகம்தோறும் விளையும். கமநல சேவை நிலையத்தில் பெயர் பதியலாம், பசளை மானியம் கேட்கலாம், வங்கிக்குப் போகலாம். ஒரே தொகை எங்கே அதிக நன்மை செய்யும் என்று கேட்டால் எமது பதில் காணிப் பத்திரம்தான்.

அவசர வேளைக்கு இந்த முன்னுரிமை பொருந்தாது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மூதூரும் வெருகலும் வெள்ளத்தில் நின்றபோது சமைத்த சாப்பாடுதான் முதல் உதவி. பாடசாலைக்கும் யானை வேலிக்கும் வரும் உதவிகள் தொடரலாம். பராமரிப்புச் செலவையும் சேர்த்துத் தருமாறு இயன்றவரை கேட்போம். வெளிநாட்டில் வளர்ந்த எமது பிள்ளைகள் சிலர், ஆபிரிக்காவில் நுளம்பு வலைக்குக் கொடுத்தால் ஒரு உயிரைக் காக்க ஆகும் செலவு மிகக் குறைவு என்று எழுதியிருந்தார்கள். அதை நாம் மறுக்கவில்லை. 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று பெயரெடுத்த எமக்கு அந்த வேலையின் பெறுமதி தெரியும். அங்கே கொடுக்க விரும்புகிறவர் கொடுக்கட்டும். திரியாய்க்கென்று ஒதுக்கும் காசைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

நுழைவாயில் வளைவைச் சங்கம் நிராகரிக்கவில்லை. தற்போதைக்கு ஒத்திவைப்பதே பொருத்தம் எனச் செயற்குழுவில் பெரும்பான்மையோர் கருதுகின்றனர். இனிச் சங்கத்துக்கு வரும் பொது நன்கொடையில், நன்கொடையாளர் வேறுவிதமாகக் கேட்டாலன்றி, பாதிக்குக் குறையாத தொகை காணி ஆவணங்களுக்கும் அளவைக்கும் வழக்குச் செலவுக்கும் ஒதுக்கப்படும். கணக்கு ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் வாசிக்கப்படும். பெற்றுக்கொள்பவரின் முகத்தைப் படமெடுத்து அனுப்புமாறு கேட்கும் உதவிகளைக் கொள்கையளவில் ஏற்பதில்லை.

வெளிநாட்டிலுள்ள உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊரை விட்டு ஓடியபோது அப்பா, அம்மா கையில் எடுத்துவந்த பழைய உறுதி, பெர்மிட், வரிப் பற்றுச்சீட்டு, வயல் எல்லை குறித்த ஒரு கடிதம் என எதுவாவது உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தால், தெளிவாகப் பிரதி எடுத்து எமக்கு அனுப்புங்கள். காசுக்கு முன் அது எமக்கு வேண்டும்.